மூன்று எண்களில் எது சரி? பயன்பாட்டு இயக்கவியலில் முதுநிலை படிக்க விரும்பும் வாசகருக்கு

கேள்வி: நான் இயந்திரப் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்று, மூன்று ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் சிமுலேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். அண்மையில் ‘ட’ வடிவ எஃகு பிராக்கெட் ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் உள்மூலையில் உச்சத் தகைவு (ஓர் அலகுப் பரப்பின் மீதான உள்விசை) 210 மெகாபாஸ்கல் என்று வந்தது. கணக்கீட்டுக்காகப் பாகத்தைப் பிரித்திருந்த சிறு துண்டுகளான எலிமெண்ட்டுகளின் அளவைப் பாதியாக்கியதும் அது 286 ஆனது. மறுபடியும் பாதியாக்கியதும் 393 ஆனது. எது சரியான விடை என்று கேட்டபோது, “நடுவில் உள்ளதை அறிக்கையில் போட்டுவிடு” என்றார்கள். அன்று முதல் இந்தத் துறையை அடியிலிருந்து படிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. பயன்பாட்டு இயக்கவியலில் முதுநிலைப் பட்டம் படிக்கலாமா? கல்லூரியில் நான் கணிதத்தில் நடுத்தர மாணவன். இந்தப் படிப்பு எனக்குக் கைகூடுமா? இயந்திர வடிவமைப்போ தரவு அறிவியலோ படிப்பது மேலா? திடப்பொருள், பாய்மம் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஆய்வேடு எழுதும் படிப்பு அவசியமா? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் வேராக இருப்பவை அந்த மூன்று எண்கள்தாம். படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவற்றைச் சற்று நிதானமாகப் பார்த்துவிடுவோம். இந்தப் படிப்பு எதைக் கற்றுத்தருகிறது என்பதை எந்தப் பாடத்திட்டத்தைக் காட்டிலும் அவை தெளிவாகச் சொல்லும்.

286-ஐ 210-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.36 வரும். 393-ஐ 286-ஆல் வகுத்தால் 1.37 வரும். எலிமெண்ட்டைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் தகைவு ஏறத்தாழ ஒரே விகிதத்தில் ஏறியிருக்கிறது. இது மென்பொருளின் கோளாறும் இல்லை, உங்கள் கைப்பிழையும் இல்லை. மாடலில் அந்த உள்மூலையை வளைவே இல்லாத கூர்மையான செங்கோணமாக வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 270 பாகைக்குப் பொருள் சூழ்ந்திருக்கும் அத்தகைய மூலையில், நேரியல் மீட்சிக் கோட்பாட்டின்படி (தகைவும் உருமாற்றமும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று கொள்ளும் கோட்பாடு) தகைவுக்கு உச்சவரம்பே கிடையாது. மூலையை நெருங்க நெருங்க, அது தொலைவின் 0.4555-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் உயர்ந்துகொண்டே போகும். தொலைவு பாதியானால் தகைவு எத்தனை மடங்காகும் என்று கணக்கிட்டால், 2-இன் 0.4555-ஆம் அடுக்கு, அதாவது 1.37 மடங்கு. நீங்கள் கண்டது அதைத்தான். 1952-இல் எம். எல். வில்லியம்ஸ் இத்தகைய மூலைகளின் தகைவை வெவ்வேறு கோணங்களுக்கும் விளிம்பு நிபந்தனைகளுக்கும் தாளில் கணக்கிட்டு வைத்துவிட்டார். எலிமெண்ட்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறைக்கு ஃபைனைட் எலிமெண்ட் என்ற பெயரை கிளஃப் என்ற பொறியாளர் பயன்படுத்தத் தொடங்கியது 1960-இல்தான். ஆக, உங்கள் அலுவலகத்தில் எழுந்த ஐயத்துக்கான விடை, அந்த ஐயத்தைக் கிளப்பிய முறைக்குப் பெயர் வருவதற்கு முன்பே இருந்தது.

வில்லியம்ஸ் தனியாக அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. 1898-இல் கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர், இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று காட்டினார். தகட்டின் அகலத்தோடு ஒப்பிடத் துளை சிறியதாக இருக்கும்வரை, அதன் அளவு அந்த மூன்றை மாற்றுவதில்லை. 1913-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்லிஸ், கப்பல் வடிவமைப்பாளர்களின் சங்கத்தில் அளித்த ஒரு கட்டுரையில், துளை நீள்வட்டமாகி, விசைக்குக் குறுக்காக நீண்டு ஒடுங்க ஒடுங்கத் தகைவு கட்டுக்கடங்காமல் ஏறும் என்று நிறுவினார். அப்படியானால் மயிரிழை வெடிப்பு உள்ள எந்தப் பொருளும் சிறிய விசைக்கே உடைந்துவிட வேண்டும். உண்மையில் அப்படி உடைவதில்லை. இந்த முரணை 1921-இல் கிரிஃபித் தீர்த்தார். அவர் தகைவைப் பார்ப்பதை விட்டு ஆற்றலைப் பார்த்தார். வெடிப்பு சிறிது நீளும்போது பொருளிலிருந்து விடுபடும் ஆற்றல், புதிதாக உண்டாகும் பரப்புக்குத் தேவையான ஆற்றலை ஈடுகட்டினால் மட்டுமே வெடிப்பு வளரும் என்பது அவர் கண்ட விதி. 1957-இல் இர்வின், வெடிப்பு நுனியைச் சுற்றியுள்ள தகைவுப் புலத்தின் வலிமையை ஒற்றை எண்ணில் அடக்கி, அந்த விதியைப் பொறியாளர்கள் அன்றாடம் கையாளும் கருவியாக்கினார். ‘இங்கே தகைவு எவ்வளவு?’ என்ற கேள்வி சில இடங்களில் பொருளற்றுப் போகும் என்பதையும், அங்கே அதற்கு மாற்றாக வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதையும் இந்த அறுபது ஆண்டு உழைப்பு நமக்குத் தந்திருக்கிறது.

இனி உங்கள் பிராக்கெட்டுக்கு வருகிறேன். மூன்று எண்களில் எதுவுமே விடையில்லை. நடுவில் இருப்பதாலேயே 286-க்குத் தனித் தகுதி எதுவும் வந்துவிடாது. உண்மையான பிராக்கெட்டின் உள்மூலை, வார்ப்பாலோ கடைசலாலோ ஒரு சிறு வளைவைப் பெற்றிருக்கும். அந்த ஃபில்லெட்டின் ஆரத்தை மாடலில் சேர்த்து, வளைவின் மேல் போதிய எலிமெண்ட்டுகளை வைத்து நுணுக்கினால், தகைவு ஓர் எண்ணில் வந்து நிலைகொள்ளும். மூலை பற்றவைத்த இணைப்பாக இருந்தால் வழி வேறு: இணைப்பின் விளிம்பிலிருந்து தகட்டுத் தடிமனின் 0.4 மடங்குத் தொலைவிலும் 1 மடங்குத் தொலைவிலும் தகைவைப் படித்து, அவ்விரண்டையும் கொண்டு விளிம்புக்கு நேர்கோட்டில் நீட்டிக் கணக்கிடுவது வழக்கம். சுமை எப்படிப்பட்டது என்பதையும் கேட்டாக வேண்டும். ஒரேயொரு முறை ஏறும் சுமை என்றால், இழுபடும் தன்மையுள்ள எஃகு அந்த மூலையில் சிறிது குழைந்து, சுமையைப் பக்கத்துப் பகுதிகளுக்குப் பகிர்ந்துவிடும். லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும் சுமை என்றால், அதே மூலையிலிருந்துதான் களைப்பு வெடிப்பு கிளம்பும். அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது என்பது இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகே முடிவாகும்.

இதை இவ்வளவு விரித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. பயன்பாட்டு இயக்கவியல் என்பது மென்பொருளை இன்னும் திறமையாக இயக்கக் கற்றுத்தரும் படிப்பு என்று பலர் எண்ணிச் சேர்கிறார்கள். சேர்ந்த சில மாதங்களில் ஏமாற்றம் அடைகிறார்கள். பொருள் ஒன்றின் மீது விசை செயல்படும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கணித மொழியில் எழுதவும், அப்படி எழுதியது எந்த எல்லைவரை செல்லும், எங்கே முறியும் என்று அறியவும் பழக்குவதே அதன் வேலை. மேலே உள்ள மூன்று பத்திகளைப் படித்தபோது ‘அடுத்து என்ன?’ என்ற ஆவல் உங்களுக்குள் எழுந்திருந்தால், தயங்காமல் இந்தப் படிப்பை நோக்கி நடங்கள். ‘சரி, கடைசியில் எந்த எண்ணைப் போடுவது?’ என்று அவற்றைத் தாவிச் சென்றிருந்தால், அதிலும் தவறில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளையும் ஒரு சம்பளத்தையும் இதற்காகச் செலவிடுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுபவருக்கு இதைவிட எளிய வழிகள் இருக்கின்றன.

கணிதத்தில் நடுத்தர மாணவன் என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்வு மதிப்பெண்ணை வைத்து இந்தப் படிப்புக்கான தகுதியை அளக்க முடியாது. இங்கே தேவைப்படும் கணிதம் பரப்பில் குறைவு, ஆழத்தில் அதிகம். வெக்டர்களும் அணிகளும் கையில் புரள வேண்டும். அணியின் ஐகன் மதிப்பு என்றால் என்ன என்பதைச் சூத்திரமாகத் தெரிந்திருந்தால் போதாது, முதன்மைத் தகைவுகளும் அதிர்வின் இயல்பு அதிர்வெண்களும் ஐகன் மதிப்புகளே என்று உடனே உறைக்க வேண்டும். சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் வெப்பம், அலை, லாப்லாஸ் ஆகிய மூன்றும் எப்படி வேறுபட்டு நடந்துகொள்கின்றன என்று புரிந்திருக்க வேண்டும். இவற்றுக்கு மேல், பெரும்பாலான மாணவர்களை முதல் பருவத்தில் திணறடிப்பது டென்சரும் (திசைகளைப் பொறுத்துப் பல கூறுகளைக் கொண்ட கணியம்) அதற்கான சுட்டுக் குறியீடும்தான். ஒன்பது கூறுகளைக் கொண்ட தகைவை இரண்டே சுட்டுகளில் எழுதி, அதே சுட்டு இரண்டு முறை வந்தால் கூட்டல் என்று எடுத்துக்கொள்ளும் அந்தக் குறியீடு, பார்க்கப் புரியாத எழுத்துபோலத் தோன்றும். ஒரு மாதம் நாள்தோறும் கையால் எழுதிப் பழகினால் அது வசப்பட்டுவிடும். பழகாமல் வகுப்புக்குப் போனால், ஆசிரியர் விளக்கும் இயற்பியலைக் கேட்க மனம் இருக்காது, சுட்டுகளைத் துரத்துவதிலேயே பாடவேளை முடிந்துவிடும். ஆகவே சேருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு சிறு கனசதுரத்தை வரைந்து, அதன் ஆறு முகங்களிலும் தகைவுகளைக் குறித்து, விசைச் சமநிலைச் சமன்பாடுகளை எந்த நூலையும் பார்க்காமல் வருவிக்க முடிகிறதா என்று பாருங்கள். திருப்புத்திறன் சமநிலையிலிருந்து தகைவு டென்சர் சமச்சீரானது என்பதையும் வருவியுங்கள். அந்த இரண்டும் கைவந்தால் கணிதத்தைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடலாம்.

விண்ணப்பிப்பதற்கு முன் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள இன்னொரு வழியையும் சொல்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று நான்கு மாதங்களில் செய்துவிடலாம். அலுவலக மென்பொருளைத் தொடாமல், பைத்தானில் உங்கள் சொந்த ஃபைனைட் எலிமெண்ட் நிரலை எழுதுங்கள். முதலில் ஒரு நேர்கம்பி. ஒரு முனை பிடிக்கப்பட்டது, மறுமுனை இழுக்கப்படுவது. விசையையும் இடப்பெயர்ச்சியையும் இணைக்கும் எலிமெண்ட்டின் விறைப்பு அணியைக் கையால் வருவித்து, அவற்றைக் கோத்து, விளிம்பு நிபந்தனையைப் புகுத்தித் தீர்க்க வேண்டும். விளிம்பு நிபந்தனையைப் புகுத்த மறந்தால் அணிக்கு நேர்மாறு காண முடியாது என்று நிரல் நின்றுவிடும். எங்கும் பிடிக்கப்படாத கம்பி இடம்பெயர்வதைத் தடுக்க எதுவும் இல்லை என்ற இயற்பியல் உண்மையைத்தான் அந்த அணி சொல்கிறது என்று உங்களுக்கே புரியும். அடுத்து, ஒரு முனை சுவரில் பதிந்த உத்தரம். ஆய்லர்-பெர்னூலி கோட்பாட்டுக்கான உத்தர எலிமெண்ட் ஒன்றே ஒன்றை வைத்தாலும், முனைச் சுமைக்கான தொய்வு கோட்பாட்டு விடையோடு அச்சாகப் பொருந்தும். அதே உத்தரத்தை எளிய முக்கோண எலிமெண்ட்டுகளால் நிரப்பிப் பாருங்கள். சில எலிமெண்ட்டுகளே இருக்கும்போது தொய்வு கோட்பாட்டு மதிப்பைவிட மிகவும் குறைவாக வரும். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் திரிபு (அலகு நீளத்துக்கான உருமாற்றம்) மாறிலியாக இருப்பதால், வளைவை அவற்றால் காட்ட முடியாமல் உத்தரம் செயற்கையாக விறைத்துப்போகிறது. பிறகு உத்தரத்தைக் குட்டையாகவும் தடிமனாகவும் மாற்றினால், ஆய்லர்-பெர்னூலி விடையும் பொருந்தாமல் போகத் தொடங்கும்; சறுக்குப்பெயர்ச்சித் தகைவால் ஏற்படும் உருமாற்றத்தை அது கணக்கில் கொள்வதில்லை, அதைச் சேர்த்தது 1921-இல் டிமோஷென்கோ. கடைசியாக, துளையுள்ள தகடு. உங்கள் நிரலில் விளிம்புத் தகைவு 2.6, 2.8, 2.9 என்று ஏறி மூன்றை நெருங்குவதைக் காணும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானதாக இருந்தால், இரண்டு ஆண்டுப் படிப்பைத் தாங்க அது போதும்.

பாடங்களைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பெயர்கள் இடத்துக்கு இடம் மாறினாலும், தொடர்ம இயக்கவியல் (பொருளை இடைவெளியற்ற தொடர்ச்சியாகக் கொண்டு ஆராய்வது), மீட்சியியல், பாய்ம இயக்கவியல், அதிர்வுகள், எண்ணியல் முறைகள், ஓர் ஆய்வுக்கூடப் பாடம் ஆகியவை எங்கும் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் படிப்பில் தொடர்ம இயக்கவியல் கட்டாயப் பாடமாக இல்லாமல், மென்பொருள் பயிற்சிகளே அதிகமாக இருந்தால், பட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கு உரியதில்லை. ஆய்வுக்கூடப் பாடத்தைச் சிறியதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு திரிபுமானியைத் தகட்டில் ஒட்டி, கம்பியைப் பற்றவைத்து, சுமை ஏற்றாதபோதே அளவீடு மெல்ல நகர்வதைப் பார்த்தவருக்கு, அறையின் வெப்பநிலை மாற்றமும் ஒரு தகைவுபோலத் தோற்றமளிக்கும் என்பது வாழ்நாள் முழுக்க மறக்காது. கணக்கீட்டில் மட்டுமே வளர்ந்தவர்களிடம் நான் காணும் பெரிய குறை, அளவீட்டை ஐயுறத் தெரியாமல், அதையே மறுக்க முடியாத உண்மையாக எடுத்துக்கொள்வது.

திடப்பொருளா, பாய்மமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் சமநிலை விதிகள் இரண்டுக்கும் பொது. தகைவு எதைச் சார்ந்திருக்கிறது என்ற இடத்தில்தான் பாதை பிரிகிறது. திடப்பொருளில் அது திரிபைச் சார்ந்திருக்கிறது, சாதாரணப் பாய்மங்களில் திரிபின் வீதத்தைச் சார்ந்திருக்கிறது. ரத்தம், உருகிய பாலிமர், மென்திசு போன்றவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. இன்று சுவையான ஆய்வுகள் பல நடப்பதும் அங்கேதான். 1924-இல் டெல்ஃப்ட் நகரில் கூடிய முதல் பன்னாட்டு மாநாட்டிலேயே இந்தத் துறையினர் திடப்பொருளையும் பாய்மத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பேசினார்கள். அந்த மரபிலிருந்து 1946-இல் உருவான பன்னாட்டு ஒன்றியமும் இன்றுவரை அப்படியே செயல்படுகிறது. முதல் பருவத்தில் இரண்டையும் படியுங்கள். உங்கள் அனுபவத்தையும் கேள்வியையும் பார்த்தால் முறிவு இயக்கவியல், களைப்பு ஆகியவற்றின் பக்கம் சாய்வீர்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் பாய்ம வகுப்பு ஒன்று மனத்தை மாற்றிவிட்ட மாணவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இயந்திர வடிவமைப்பில் முதுநிலை என்பது உற்பத்தி, செலவு, பொருள் தேர்வு, தரநிலைகள் ஆகியவற்றை நோக்கிச் செல்வது. ஒரு பாகத்தை முழுமையாக உருவாக்கித் தருவதில் நிறைவு காண்பவருக்கு அது மிகவும் பொருத்தம். தரவு அறிவியலைப் பற்றி மட்டும் ஒரு சொல். எண்ணியல் கணக்கீட்டுக்கு ஆகும் நேரத்தைக் குறைக்க, பயிற்றுவித்த மாதிரிகளைப் பயன்படுத்தும் வழக்கம் பரவிவருகிறது, அது வளரும். அந்த மாதிரிகளுக்கு ஊட்டப்படும் விடைகள் உங்கள் 210, 286, 393 போன்றவையாக இருந்தால், மாதிரியும் அந்தப் பிழையையே மிகுந்த வேகத்தில் திரும்பத் தரும். ஆகவே இயக்கவியலை ஆழமாகக் கற்று, அதன் மேல் நிரலாக்கத்தையும் புள்ளியியலையும் சேர்த்துக்கொள்பவருக்கு இடம் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். முந்தையதைக் கைவிட்டுப் பிந்தையதற்கு ஓட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆய்வேடு உள்ள படிப்பையே தேர்ந்தெடுங்கள். பாடங்களை மட்டும் முடித்துப் பட்டம் பெறும் வழி, வேலையில் நிலைபெற்றவர்கள் சில இடைவெளிகளை நிரப்பிக்கொள்ள உதவும். உங்களுக்கோ, விடை தெரியாத ஒரு சிக்கலோடு ஓராண்டு மல்லுக்கட்டும் அனுபவம் தேவை. அதில் நிறுவனத்தின் பெயரைவிட ஆய்வு நெறியாளர் யார் என்பது பெரிது. விருப்பமான நெறியாளர்கள் நான்கைந்து பேரின் அண்மைக் கட்டுரைகளை எடுத்து, முன்னுரையையும் படங்களையும் மட்டுமாவது படியுங்கள். முதல் ஆசிரியராக மாணவர்களின் பெயர் இருக்கிறதா, கோட்பாடும் சோதனையும் இணைந்து வருகின்றனவா, ஒரே சிக்கலைச் சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப எழுதுகிறார்களா என்று பாருங்கள். பிறகு அவரிடம் படித்து முடித்த மாணவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். வாரம் ஒருமுறையாவது நெறியாளரைச் சந்திக்க முடிந்ததா, சோதனைக் கருவிக்காக எத்தனை மாதம் காத்திருந்தார்கள், ஆய்வேடு குறித்த காலத்தில் முடிந்ததா, இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளுக்கு வரும் விடைகள், எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் கிடைக்காதவை.

நெறியாளருக்கு எழுதும் கடிதத்திலும் விண்ணப்பத்தோடு இணைக்கும் நோக்க அறிக்கையிலும், சிறுவயதிலிருந்தே இயந்திரங்கள் மீது ஆர்வம் என்று தொடங்காதீர்கள். தேர்வுக்குழுவினர் அதைப் பலமுறை படித்திருப்பார்கள். அந்த உள்மூலையைப் பற்றி எழுதுங்கள். என்ன கண்டீர்கள், ஏன் ஐயம் எழுந்தது, அதற்குப் பிறகு நீங்களாக என்ன முயன்றீர்கள், எந்த இடத்தில் உங்கள் அறிவு போதாமல் நின்றது என்று அரைப் பக்கம் எழுதினால், உங்களை நேரில் பார்த்ததுபோல் இருக்கும். நிறுவனத்தின் வரைபடத்தையோ அறிக்கையையோ எடுத்து அனுப்ப வேண்டாம், அது முறையாகாது. அதே வடிவத்தை உங்கள் சொந்த அளவுகளில் வரைந்து, சொந்த நிரலில் பெற்ற முடிவுகளைக் காட்டுங்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். பயன்பாட்டு இயக்கவியலாளர் தேவை என்று விளம்பரம் வருவது அரிது. கட்டமைப்புப் பகுப்பாய்வு, களைப்பு மற்றும் நீடித்துழைப்பு, மோதல் பாதுகாப்பு, அதிர்வு மற்றும் இரைச்சல், வெப்பத் தகைவு என்ற பெயர்களில் அந்த வேலைகள் சிதறிக் கிடக்கும். விமானம், வாகனம், டர்பைன், அழுத்தக் கலன்கள் போன்ற துறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மின்னணுச் சாதனங்களில் சால்டர் இணைப்புகள் மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிர்ந்து வெடிப்பதும், ரத்தக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட் இதயத்துடிப்புக்கு ஏற்பக் கோடிக்கணக்கான முறை வளைவதும் இதே இயக்கவியல்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிமுலேஷன் மென்பொருளை உருவாக்கும் நிறுவனங்களும் இப்படிப் படித்தவர்களை எடுத்துக்கொள்கின்றன. பட்டம் முடித்ததும் சம்பளம் பெருமளவில் தாவும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொடக்கத்தில் உங்கள் இன்றைய சக ஊழியர்களைவிடச் சற்றுப் பின்தங்கியிருப்பதாகவும் தோன்றலாம். ஆனால் பாகம் ஏன் உடைந்தது என்று யாருக்கும் புரியாத சூழல் வரும்போது உங்களை அழைப்பார்கள். அங்கிருந்து பாதை வேறாகும். முனைவர் பட்டத்துக்குச் செல்ல விரும்பினாலும் இந்த ஆய்வேடு நல்ல அடித்தளமாக அமையும்.

வேலையை விடுவது பற்றி: சேர்க்கைக் கடிதமும் உதவித்தொகை பற்றிய எழுத்துவழி உறுதியும் கைக்கு வரும்வரை ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ பணியாற்றிக் கட்டணத்தைச் சமாளிக்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு துறையிலும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் நிறுவனமே படிப்பு விடுப்போ பண உதவியோ தருமானால், படித்த பிறகு எத்தனை ஆண்டு அங்கே பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையை முழுமையாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். பரிந்துரைக் கடிதங்களுக்காக உங்கள் கல்லூரி ஆசிரியர்களை இப்போதே தொடர்புகொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மாணவரை நினைவுகூர்ந்து எழுத, நீங்கள் எழுதிய நிரலும் குறிப்புகளும் அவர்களுக்கு உதவும். குடும்பச் சூழலால் முழுநேரப் படிப்பு இயலாது என்றால், பகுதிநேரமாகச் சேருங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள், முதல் பாடமாகத் தொடர்ம இயக்கவியலை எடுங்கள், அது முடிந்த பிறகு நெறியாளரைத் தேடுங்கள்.